டிராலி ஸ்பீக்கர், ஒரே ஒரு மைக், பதினான்கு பிள்ளைகள்

ஸ்பீக்கரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே பெட்டி ஏழெட்டுப் பெயர்களில் விற்கிறது. முன்பக்கத்து ஒட்டுத்தாளை உரித்துவிட்டால் எல்லாம் அண்ணன் தம்பிதான். இழுத்துச் செல்ல ஒரு கைப்பிடி, அடியில் இரண்டு சக்கரம், முன்னால் வட்டமாகச் சுழலும் வண்ண விளக்கு, கம்பியில்லா மைக் ஒன்று, பென் டிரைவ் செருகும் துளை, ப்ளூடூத். டிசம்பரில் எங்கள் குடியிருப்பிலும் பக்கத்துத் தெருக்களிலும் வீடு வீடாகப் போய் கேரல், அதாவது கிறிஸ்துமஸ் பாட்டு, பாடும் பிள்ளைகளுக்காக வாங்கினோம். இரண்டு டிசம்பர் ஓட்டியாகிவிட்டது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன். அந்த மூன்றில் ஒன்று சக்கரத்துக்கு.

பிள்ளைகளை அழைத்துப்போவது 22 ஆண்டுகளாக என் வேலை. தொடங்கியபோது ‘அக்கா’ என்றார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் ‘ஆன்ட்டி’ என்கிறார்கள். போன டிசம்பரில் ஒரு பொடியன் ‘பாட்டி’ என்று கூப்பிட்டான். அவனைக் கடைசி வரிசையில் நிறுத்திவிட்டேன்.

வாங்கிய கதை சின்னது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், “பிள்ளைகள் பாடுவது மூன்றாவது மாடிக்குக் கேட்கவே இல்லை” என்று எழுதினார். பதினைந்து பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டி வந்துவிட்டது. எனக்கு எரிச்சல்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னதில் தவறில்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறைகிறது. பாடும் பிள்ளைகளை இரட்டிப்பாக்கினால் கூடுவதோ 3 டெசிபல்தான். அதாவது பதினான்கு பேரை இருபத்தெட்டாக்கினாலும் மூன்றாவது மாடிக்கு நியாயம் கிடைக்காது. முன்பு மூன்றாவது மாடி வரை நாங்கள் ஏறிப் போனோம் என்பதை மட்டும் அந்தக் குழுவில் யாரும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. முட்டி வலி.

இனி பெட்டி. அட்டையில் பெரிய எழுத்தில் ஆயிரக்கணக்கில் ஒரு வாட் எண் போட்டிருந்தது, பக்கத்தில் பிஎம்பிஓ என்று. அந்த எண்ணுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் இல்லை. எழுதுகிறவர் கை எவ்வளவு தாராளமோ அவ்வளவு. பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ‘ஆர்எம்எஸ் 40 வாட்’ என்று இருந்ததே உண்மையான எண், பெட்டி தொடர்ந்து தரக்கூடிய திறன். வாங்குகிறவர்கள் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தெருவில் நின்று பாட 40 வாட் தாராளம், சொல்லப்போனால் அதிகம். என் போனில் உள்ள ஒலி அளக்கும் செயலியை ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்தேன். பாதி ஒலியிலேயே 90-ஐத் தொட்டது. போன் செயலி தராசு அல்ல, நாலைந்து முன்னே பின்னே இருக்கும். இருந்தாலும் உலக சுகாதார நிறுவனம் காதில் மாட்டிக் கேட்கும் கருவிகளுக்குச் சொல்லும் வரம்பை எடுத்துப் பார்த்தேன்: பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 90-க்கு வரும்போது அந்த 40 மணி நேரம் ஒன்றே கால் மணி நேரமாகத் தேய்ந்துவிடுகிறது. நாங்கள் ஒரு மாலையில் சுற்றுவது இரண்டரை மணி நேரம். அதுவும் விளக்கு சுழல்வதைப் பார்ப்பதற்காக எங்கள் குழுவின் மிகச் சின்னப் பெண் ஸ்பீக்கரின் வாய்க்கு நேராகத்தான் நிற்பாள். இப்போது அவளுக்குப் பெட்டியை இழுக்கும் பதவி கொடுத்திருக்கிறோம். இழுப்பவர் பெட்டிக்குப் பின்னால்தானே நிற்க வேண்டும்.

ஒலியின் தரம்? பேச்சுக்கு நன்று. டம் டம் என்ற அடித்தட்டு ஒலி மிகை. டாம்பரினைப் பக்கத்தில் தட்டினால் தகரம்போல் கேட்கிறது. இதற்கெல்லாம் நட்சத்திரம் குறைக்கவில்லை, இந்த வகைப் பெட்டிகளின் பிறவிக் குணம் அது.

நான் நட்சத்திரம் குறைத்தது கரோக்கி டிராக், அதாவது பாடகர் குரல் இல்லாமல் இசை மட்டும் உள்ள ஒலிப்பதிவு விஷயத்தில். அதற்குப் பெட்டி நேரடிப் பொறுப்பில்லை என்றாலும் பெட்டி வந்த பிறகே டிராக் வந்தது. இணையத்தில் கிடைக்கும் டிராக்குகள் பெரும்பாலும் பெரியவர்கள் பாடும் சுருதியில் இருக்கின்றன. ‘சைலன்ட் நைட்’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தாலாட்டுப்போல் சாதுவாகத் தோன்றும்; பாடிப் பார்த்தால்தான் தெரியும் அதன் குறும்பு. கீழ்ச் சுரத்துக்கும் மேல்ச் சுரத்துக்கும் நடுவே ஒரு முழு ஸ்தாயியும் அதற்கு மேல் நான்கு சுரமும். அரைக் கட்டை உயர்த்தித் தொடங்கினாலே கடைசி வரிக்கு முந்திய உச்சத்தில் பையன்கள் கீச்சிடுவார்கள். ஒரு கட்டை இறக்கினால் கடைசிச் சொல் தொண்டைக்குள்ளேயே இறங்கிவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஒருசேரப் பொருந்தும் இடம் மிகக் குறுகியது. அந்த இடத்தைத் தேடுவதற்குத்தான் நான் ஆர்மோனியம் வைத்திருக்கிறேன். டிராக்குக்கு அந்தக் கரிசனம் கிடையாது. சுருதியை ஏற்றி இறக்கும் பொத்தான் இந்தப் பெட்டியில் இல்லை. சில பெட்டிகளில் இருக்கிறது. பிள்ளைகளுக்காக வாங்குகிறீர்கள் என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். வண்ண விளக்கை விட அது முக்கியம்.

இந்தப் பாட்டு முதன்முதலில் பாடப்பட்டது 1818-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊர்த் தேவாலயத்தில். பாதிரியார் யோசப் மோர் எழுதியது, ஃபிரான்ஸ் சேவர் குரூபர் மெட்டமைத்தது, பக்கவாத்தியம் ஒரே ஒரு கிதார். கிதார்காரர் பிள்ளைகளின் தொண்டையைப் பார்த்து அரைக் கட்டை இறக்கிக்கொள்வார். பென் டிரைவ் இறக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ கேட்கிறார்கள். பெட்டி வந்தபின் அதிகம் கேட்கிறார்கள், டிராக் இருக்கிறதல்லவா. 1857-இல் வெளியான அந்தப் பாட்டில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது. குதிரை வண்டியில் பனியில் சவாரி போகிற பாட்டு. பாடுகிறோம். பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. நான் அந்த நேரத்தில் செருப்பின் வாரைச் சரிசெய்துகொள்வேன்.

அடுத்து மைக். பெட்டியோடு ஒன்றுதான் வரும். முதல் ஆண்டின் முதல் வீட்டிலேயே ஊளையிட்டது. காரணம் எளிது: மைக்கைப் பிடித்தவன் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றான். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மைக்குக்குள் போய், மறுபடி ஸ்பீக்கரில் வந்து, மறுபடி மைக்குக்குள் போகிறது. மைக் எப்போதும் பெட்டிக்குப் பின்னால் இருக்க வேண்டும். பிள்ளைகள் செய்யும் இரண்டாவது காரியம், மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பது. எங்கே பார்த்துக் கற்றார்களோ. அப்படிப் பொத்தினால் எதிரே உள்ள ஒலியை மட்டும் வாங்கும் குணம் மைக்குக்குப் போய்விடும், எல்லாப் பக்கத்து ஒலியையும் வாங்கும், ஊளை இரட்டிப்பாகும். கைப்பிடியில் ஒரு சிவப்பு நூலைச் சுற்றி, “விரல் இதற்குக் கீழேதான்” என்று சொல்லிவிட்டேன். தீர்ந்தது. கையேட்டில் இது இல்லை.

நூலால் தீராத சங்கதி ஒன்று இருந்தது. மைக் ஒருவன் கையில் இருந்தால் மற்றப் பதின்மூன்று பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, தானாகவே. இரண்டாவது வீட்டுக்குள் அது பாடகர் ஒருவரும் காத்திருப்பவர் பதின்மூன்று பேருமாக மாறிவிட்டது. காத்திருப்பவர்கள் பாட்டைக் கவனிக்கவில்லை. யாருக்கு அடுத்த முறை என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். நிற்கும் விதமும் மாறியது. முன்பு வாசலில் அரைவட்டமாக நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடுவோம். தாளம் தப்பினால் எதிரே நிற்பவளின் தலையாட்டல் பிடித்து நிறுத்தும். ‘கேரல்’ என்ற சொல்லே பழைய பிரெஞ்சில் கைகோத்து வட்டமாக ஆடிப் பாடுவதற்கு இருந்த பெயரிலிருந்து வந்தது. பெட்டி வந்ததும் வட்டம் நிமிர்ந்து வரிசையாகிவிட்டது. எல்லாரும் வீட்டைப் பார்த்து நிற்கிறார்கள், புகைப்படத்துக்கு நிற்பதுபோல். உண்மையிலேயே புகைப்படமும் எடுக்கிறார்கள்: பின்னால் வரும் பெற்றோர் கூட்டம் இப்போது பிள்ளைகள் கூட்டத்தை விடப் பெரிது.

மைக்கை வீசி எறிந்துவிட நினைத்தேன். எறியாததற்குக் காரணம் ஒரு ஒன்பது வயதுப் பெண். மூன்று ஆண்டுகளாக வருகிறாள். உதடு அசையும், சத்தம் வராது. பாடுகிறாளா, பாடுவதாகப் பாவனை செய்கிறாளா என்று எனக்கே சந்தேகம். ஐந்தாவது வீட்டில் மைக் முறை அவளுக்கு வந்தது. பெட்டியின் ஒலியை நான் கூட்டினேன். கூட்டியதும் வந்தது பாருங்கள், சுருதி ஒரு மயிரிழை பிசகாத, மூச்சுக்காற்று கலந்த, சின்னக் குரல் ஒன்று. மூன்று ஆண்டுகளாக என் காதுக்கு இரண்டடி தூரத்தில் அந்தக் குரல் இருந்திருக்கிறது. நான் சத்தமாகப் பாடுகிறவர்களையே முன்வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டாவது நட்சத்திரம் இதற்கு.

ப்ளூடூத் பற்றி ஒரு பத்தி, நுட்ப ஆர்வமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். போனில் வரிகள் ஓட, பெட்டியில் இசை வர, பிள்ளைகள் போனைப் பார்த்துப் பாடுவதாக ஏற்பாடு. போனிலிருந்து பெட்டிக்கு ஒலி போய்ச் சேர ப்ளூடூத் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரை எடுத்துக்கொள்ளும். எங்கள் செயலியில் வரி முன்னே நிறம் மாறியது, இசை பின்னே வந்தது. கண்ணை நம்பியவர்கள் முந்தினார்கள், காதை நம்பியவர்கள் பிந்தினார்கள். இரண்டு கட்சியும் கடைசி வரை சமாதானமாகவில்லை. போனையும் பெட்டியையும் நேரடியாக இணைக்கும் ஒரு சாதாரண ஆக்ஸ் வயரைச் செருகியதும் சரியாகிவிட்டது. வயர் பெட்டியோடு வராது.

அதைவிடப் பெரிய தொல்லை பெட்டிக்குள் இருக்கும் பெண்மணி. இயக்கினால், அணைத்தால், போன் இணைந்தால், பிரிந்தால், சார்ஜ் குறைந்தால், எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் உரக்க அறிவிப்பாள். நாம் வைக்கும் ஒலி அளவு அவளுக்குப் பொருட்டல்ல. அவளுக்குத் தனி ஒலி.

எங்கள் தெரு முனையில் ஒரு பெரியவர் இருக்கிறார். அந்த ஆண்டு ஆவணியில் அவர் மனைவி காலமாகிவிட்டார். துக்க வீட்டில் கேரல் பாடலாமா கூடாதா என்று பெற்றோர்களுக்குள் வாக்குவாதம். நான் முதல் நாளே போய்க் கேட்டேன். “வரட்டும்மா, மெதுவாகப் பாடச் சொல்” என்றார். பிள்ளைகள் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து பாடினார்கள். ஒலியைக் குறைத்து வைத்திருந்தேன். கடைசி வரி முடிந்து யாரும் அசையாமல் இருந்த அந்த நொடியில் பெட்டி, “பேட்டரி லோ, ப்ளீஸ் சார்ஜ்” என்றது, வீடு அதிர. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. பெரியவர் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். “அவளும் இப்படித்தான். பாட்டு முடிந்து மூச்சு விடுவதற்குள் ஏதாவது வேலை சொல்லுவாள்” என்றார். பிள்ளைகள் சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சிரித்த பிறகு சிரித்தார்கள்.

வீடுகளும் மாறிவிட்டன, பெட்டியை மட்டும் சொல்லிப் பயனில்லை. முன்பு சொல்லாமல் போவோம். தூங்கினவர்கள் எழுந்து வருவார்கள். இப்போது ஒரு வாரம் முன்பே நேரப் பட்டியல் போட்டு, வாயிற் காவலாளியிடம் பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொடுத்து, ‘7.10 முதல் 7.20 வரை’ என்று வீட்டுக்குப் பத்து நிமிடம். மேல்மாடிக்காரர்கள் இறங்கி வருவதில்லை. இறங்கி வராததற்கு நல்ல காரணமும் இருக்கிறது, பால்கனியிலேயே நன்றாகக் கேட்கிறது. கைதட்டுகிறார்கள், உள்ளே போகிறார்கள். உண்டியல் அட்டைப் பெட்டியில் இப்போது க்யூஆர் குறியீடு ஒட்டியிருக்கிறோம். ஒருவர் பால்கனியிலிருந்தே அதைப் படம் பிடிக்கப் பார்த்தார். தூரத்துக்கு அது எடுக்கவில்லை.

ஒரு வீட்டில் அழைப்பு மணியிலேயே கேமரா. அழுத்தியதும் குரல் வந்தது: “நான் அலுவலகத்தில் இருக்கிறேன். பாடுங்கள், இங்கிருந்தே பார்க்கிறேன்.” பதினான்கு பேரும் நாணயம் அளவுள்ள ஒரு கண்ணாடியைப் பார்த்துப் பாடினார்கள். முதல் சரணம் முடிந்ததும், “ஒரு நிமிடம், வேறு அழைப்பு வருகிறது” என்றது கதவு. அப்புறம் சத்தமில்லை. முன்பல் விழுந்த பையன் மணியை நெருங்கி உற்றுப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, மாமா இருக்கிறாரா, போய்விட்டாரா?” என்றான். எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் சரணத்தையும் பாடி முடித்தோம். அன்று இரவு அவர் எழுதினார், ஒரே இரைச்சலாக இருந்ததாம், பாட்டு பிடிபடவில்லையாம். பக்கத்தில் வைத்த ஸ்பீக்கரை அந்தச் சின்ன மைக் தாங்காது. பெட்டியை அணைத்துவிட்டுப் பாடியிருந்தால் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

இப்போது பேட்டரி. இதற்காகவே இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்தேன்.

முதல் ஆண்டு ஒரு முறை சார்ஜ் செய்தால் நான்கு மணி நேரம் தாங்கியது. சுற்று முடிந்ததும் துடைத்து, உறைபோட்டு, பண்ட அறையில் வைத்தோம். அடுத்த டிசம்பரில் எடுத்து இரவு முழுவதும் சார்ஜ் போட்டோம். பச்சை விளக்கு எரிந்தது. 50 நிமிடத்தில் செத்துவிட்டது. கடையில் கேட்டதற்கு, “தவறாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்” என்றார்கள். பயன்படுத்தாததுதான் தவறு. எங்கள் பெட்டியில் இருப்பது 12 வோல்ட் ஈய அமில பேட்டரி. அவசர விளக்கிலும் யுபிஎஸ்ஸிலும் இருக்கும் அதே இனம். அதைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் உள்ளே தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. நாங்கள் கடைசி வீட்டில் அந்தப் பெண்மணி ‘பேட்டரி லோ’ என்று கத்தக் கத்தப் பாடிவிட்டு அப்படியே பூட்டிவைத்தோம். ஆண்டில் பதினொரு மாதம் தூங்குவதற்கென்றே வாங்கும் ஒரு பொருளுக்கு, ‘இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடு’ என்று அட்டையில் ஒரு வரி எழுதியிருக்கலாம். இதற்கு ஒரு நட்சத்திரம் முழுதாக வெட்டினேன்.

செத்தது ஆறாவது வீட்டு வாசலில். இதற்குப் பிறகு பிள்ளைகள் வெறும் குரலில் தேவதூதர்களைப்போல் பாடினார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. முதலில் பதினான்கு பேரும் பெட்டியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் சுருதி கொடுத்தேன். அதைவிட ஒன்றரைக் கட்டை மேலே ஒருவன் எடுத்தான், எல்லாரும் அவன் பின்னால் போனார்கள். உச்ச இடத்தில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். இரண்டாம் சரணத்தின் இரண்டாம் வரி ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டு அம்மா கண்ணைக் கொட்டாமல் புன்னகைத்துக்கொண்டு நின்றார், பாவம்.

தவறு பெட்டியுடையது அல்ல. முன்பெல்லாம் நவம்பர் முதல் வாரத்திலிருந்து வாரத்துக்கு மூன்று மாலை ஒத்திகை. வரிகளை 40 பக்க நோட்டில் கையால் எழுதிவர வேண்டும். எழுதினால்தான் மனத்தில் நிற்கும். டாம்பரின் யார், முக்கோண மணி யார் என்று சண்டை போட்டு முடிவாகும். பெட்டி வந்த ஆண்டு ஒத்திகையை வாரத்துக்கு ஒன்றாக்கினேன். இரண்டாம் ஆண்டு மொத்தமே இரண்டு. டிராக் இருக்கிறது, போனில் வரி இருக்கிறது, டியூஷனும் பரீட்சையும் இருக்கின்றன, எனக்கு முட்டியும் வலிக்கிறது. நாற்பது வாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது பிள்ளைகள் அல்ல, நான்.

வாங்கலாமா? சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வண்டி ஓடும் தெரு என்றால் வாங்குங்கள். சுழலும் விளக்கைப் பார்த்து ஓட்டுநர்கள் வேகம் குறைக்கிறார்கள், அது நிஜமான பயன். தண்ணீர் பாட்டில்களை அதன் தலையில் கட்டிவிடலாம். சக்கரம் இரண்டு டிசம்பருக்கும் ஒரு முனகல்கூட இல்லாமல் உருண்டது. பாட்டுக்காக என்றால், ஒலியைக் கால்வாசிக்கு மேல் போகவிடாதீர்கள், டிராக்கை விட்டுவிட்டு மைக்கைப் பக்கவாத்தியக்காரருக்குக் கொடுங்கள், பிள்ளைகளை வட்டமாக நிறுத்துங்கள்.

பேட்டரியை மாற்றிவிட்டேன், நான்கு திருகாணி, இரண்டு கம்பி, பத்து நிமிட வேலை. நாள்காட்டியில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். ஒத்திகை நவம்பர் முதல் வாரமே தொடங்குகிறது, என் வீட்டில், ஆர்மோனியத்தோடு. அந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இப்போது பதினொன்று. அவளுக்கு முன்வரிசை.

ஒன்றுதான் பாக்கி. பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பெண்மணியை வாயடைக்க வைக்கும் வழி கையேட்டில் எங்குமே இல்லை. எல்லாப் பொத்தான்களையும் இரண்டிரண்டாக அழுத்திப் பார்த்தாயிற்று. யாருக்காவது தெரிந்தால் டிசம்பருக்குள் எழுதுங்கள்.